இரண்டு மணிக்கு ஒருமுறை

அந்தப் பெண்ணை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அவளுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நேர்மை. ஏழு மாதம் ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று ஒரே மனிதரைத் திருப்பிப் படுக்க வைத்தோம். அந்த ஏழு மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்ட நல்ல வார்த்தைகளை எண்ண ஒரு கை விரல்களே ஜாஸ்தி.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். இன்று அந்த ஆஸ்பத்திரி இல்லை, அந்த இடத்தில் ஒரு லாட்ஜ் நிற்கிறது. ஆண்கள் வார்டில் பதினெட்டுக் கட்டில். பகலுக்கு நான் ஒருத்தி, துணைக்கு ஓர் ஆயா. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம் எங்களுடையது. பொழுது சாய்ந்தபின் சோறு தொடமாட்டோம். தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கமாட்டோம். பெண் நர்ஸ் வேலைக்குப் போனதில் அப்பாவுக்குக் கடைசிவரை சம்மதமில்லை. அதனாலேயே வேலையில் யாரிடமும் ஒரு சொல் கேட்டுவிடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். கெட்டிக்காரி என்று பெயரும் வாங்கியிருந்தேன். என்னைக் கெடுத்தது அந்தப் பெயர்தான்.

அவள் புருஷன் கிணறு வெட்டுகிறவர். அடி அண்ணாமலைக்காரர். கிணற்றுக்குள் கயிற்றில் இறங்கும்போது கயிறு அறுந்து அடியில் இருந்த பாறைமேல் விழுந்தார். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். முதுகுத்தண்டு முறிந்திருக்கிறது, இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது, பக்கத்தில் எங்காவது வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். எங்களிடம் வந்தார்.

எங்கள் டாக்டர் அவரைச் சோதித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இந்த ஆளைக் கொல்லப் போறது முதுகெலும்பு இல்ல சிஸ்டர், முதுகுத் தோல். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பணும். ஒரு வேளைகூட தவறக் கூடாது."

நான் அதைப் படித்திருந்தேன். நல்ல உடம்புக்காரர்கள் தூக்கத்தில்கூடத் தமக்குத் தெரியாமலே புரண்டுகொள்கிறார்கள். உணர்வில்லாத உடம்பு புரளாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கும். ரத்தம் ஓடாது. சில மணி நேரத்தில் அந்த இடம் செத்துப்போகும். படுக்கைப் புண் என்பது அதுதான். கட்டிலின் கால்மாட்டில் ஒரு சார்ட் தொங்கவிட்டோம். மணி, எந்தப் பக்கம், யார் திருப்பியது என்று கையெழுத்து.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் போனேன். ஒரு பெண் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். தரையில் இரண்டு சொட்டு சிந்தியிருந்தது.

"எழுந்திரும்மா. வெளியாளுங்க நாலு மணிக்குத்தான் வரணும்."

"அவுருக்கு கை நடுங்குதுங்க. ஊட்டிட்டுப் போயிடறேன்."

"ஆயா ஊட்டுவாங்க. இது உங்க வீடு இல்ல."

எழுந்தாள். சிந்திய கூழை முந்தானையால் துடைத்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"ஆயா எப்ப வருவாங்க?"

"வரும்போது வருவாங்க."

"அதுவரிக்கும் பட்டினி கெடக்கணுமா?"

"எதிர்த்துப் பேசாத. வெளிய போ."

போனாள். ஆனால் வராந்தாவைத் தாண்டிப் போகவில்லை. அவர் கட்டிலுக்கு நேரே இருந்த ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அதுதான் அவள் இடம். நான் ஜன்னல் கதவைச் சாத்துவேன். திரும்பி வருவதற்குள் திறந்திருக்கும். மறுபடி சாத்துவேன். ஊசி போடும்போது, கட்டு மாற்றும்போது, யாருடனாவது இரண்டு வார்த்தை சிரித்துப் பேசும்போது, அந்தக் கண் என் முதுகில் ஒட்டியிருக்கும். வேவு பார்க்கிறாள் என்று ஆயாவிடம் சொன்னேன். "புருசனப் பாக்குறாம்மா" என்றாள் ஆயா. ஆயாவிடம் இரண்டு நாள் பேசவில்லை.

அவர் வந்து மூன்றாம் வாரம் கார்த்திகை தீபம் வந்தது. தீபத்தன்று இந்த ஊர் ஆஸ்பத்திரிகள் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மயங்கி விழுந்தவர்கள், மலையேறிச் சறுக்கியவர்கள், நெரிசலில் மிதிபட்டவர்கள். வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வைத்தோம். காலை எட்டு மணிக்கு அந்தக் கிணற்றுக்காரரை மல்லாக்கத் திருப்பிப் படுக்க வைத்தேன். அதற்குப் பிறகு அவர் பக்கம் போகவே இல்லை.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "அம்மா, அவுர திருப்பலீங்களே."

"வர்றேன், இரு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. அப்புறம் மறுபடி. நான்காவது முறை கூப்பிட்டபோது எரிந்து விழுந்தேன். "கண்ணு தெரியலியா உனக்கு? ஆளுங்க சாவக் கெடக்குறாங்க. உன் புருஷன் ஒருத்தன்தானா எனக்கு?"

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.

சாயங்காலம் மலைமேல் தீபம் ஏற்றியபோது, எழுந்து நிற்க முடிந்த நோயாளிகள் எல்லாரும் மேற்கு வராந்தாவுக்குப் போய் அரோகரா போட்டார்கள். நான் மேசையில் உட்கார்ந்து சார்ட்டை நிரப்பினேன். பத்து மணி, இடது. பன்னிரண்டு, வலது. இரண்டு, மல்லாக்க. நான்கு, இடது. ஆறு, வலது. ஒவ்வொன்றுக்கும் நேராக என் கையெழுத்து.  இப்படி எல்லாரும் எழுதுவதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவருக்கு முதுகு துடைக்கும்போது பார்த்தேன். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கன்றிப் போயிருந்தது. நாவல் பழ நிறம். விரலால் அழுத்தினேன். வெளுத்துச் சிவந்தால் பிழைத்தது. வெளுக்கவில்லை. 

ரவுண்ட்ஸில் டாக்டரும் பார்த்தார்.

"சார்ட் எங்க?"

கொடுத்தேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். "ரெண்டு மணிக்கு ஒருமுறை சரியா திருப்பியிருக்கே. அப்புறம் எப்படி?"

ஜன்னலில் இருந்து பதில் வந்தது.

"பொய்யிங்க."

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் மட்டும் உயரவே இல்லை.

"நேத்து காலைல ஒருவாட்டி திருப்பனாங்க. அப்பறம் ராத்திரி டூட்டிக்கு வந்த அம்மாதான் திருப்பனாங்க. நடுவுல ஒருத்தரும் தொடல. நான் இங்கயேதான் நின்னுகினு இருந்தேன். நாலுவாட்டி கூப்புட்டேன். அவங்களயே கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "சிஸ்டர்?"

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்கலாம் என்பதைப் பிறகு பல வருஷம் யோசித்திருக்கிறேன். கூட்டம் ஜாஸ்தி டாக்டர், ஒருத்தியால் முடியவில்லை, தவறிவிட்டது. அவ்வளவுதான். அவர் கத்தியிருப்பார். மறுநாள் மறந்திருப்பார். ஆனால் பதினெட்டுக் கட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தது. கூழ் சிந்தினாள் என்று நான் துரத்திய ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு என்னை விசாரிக்க வைக்கிறாள்.

"திருப்பினேன் டாக்டர்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "மணி பாக்கத் தெரியுமா உனக்கு? தெரியாதுல்ல? படிச்சவங்க நேரம் போட்டு எழுதி வெச்சிருக்காங்க. உன் புருஷன் மலம் மூத்திரம் அள்ளிப் போடுறவங்க மேலயே பழி போடுறியா? இன்னொரு வார்த்தை பேசின, அவனைத் தூக்கிட்டுப் போயிடு."

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டிருக்க வேண்டும். விட்டேன். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்துதான் அவளை உண்மையாக வெறுக்கத் தொடங்கினேன். அதற்குமுன் இருந்தது வெறும் எரிச்சல். நான் பொய்க்காரி என்று தெரிந்தவள் இந்த ஊரில் அவள் ஒருத்தி. எறும்பை மிதிக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். அவள் எங்காவது தொலைந்து போனால் தேவலை என்று நினைத்தேன்.

பத்து நாளில் கன்றிய தோல் கறுத்து, தோல்பை மாதிரிக் கெட்டியானது. டாக்டர் அதை வெட்டி எடுத்தார். உள்ளே இருந்த குழி ஒரு எலுமிச்சம்பழம் கொள்ளும். வாடை வார்டு முழுக்கப் பரவியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் மூக்கைப் பொத்தினார்கள். டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "ஒருத்தியால ஆகாது. அவன் பொண்டாட்டி உள்ளயே இருக்கட்டும். திருப்புறதுக்கு ஒரு ஆள் ஆச்சு."

அப்படித்தான் அவள் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்தாள்.

வந்ததும் முதல் வேலையாக ஆயாவிடம் மணி பார்க்கக் கற்றுக்கொண்டாள். இரண்டே நாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "சின்ன முள்ளு ரெட்டப்படையில நிக்கணும், பெரிய முள்ளு உச்சியில நிக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். மூன்றாம் நாள் காலை நான் வந்தபோது, கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் கரிக்கோடுகள் இருந்தன. இடது பக்கம் திருப்பினால் இடது பக்கம் சாய்ந்த கோடு. வலது பக்கம் என்றால் வலது சாய்வு. மல்லாக்க என்றால் நேர்க்கோடு. திருப்பாமல் விட்ட வேளைக்கு ஒரு சுழி. முந்தின நாள் பகலில் இரண்டு சுழி இருந்தது.

"சுவத்துல என்னம்மா இது அசிங்கம்? ஆயா, துடைங்க."

ஆயா துடைத்தாள். மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் எல்லாக் கோடும் பழையபடி இருந்தது, இரண்டு சுழி உட்பட.

"தண்ணி ஊத்தித் துடைச்சா நடந்தது நடக்காம பூடுமா?" என்றாள். அதற்குள் என்னை 'ங்க' போட்டுப் பேசுவதை அவள் விட்டிருந்தாள்.

அந்த வாரமே டாக்டர் ரவுண்ட்ஸில் சுவரைப் பார்த்தார். "இது என்ன?"

"எங்க சார்ட்டுங்க."

அவர் சிரித்தார். பிறகு கால்மாட்டில் தொங்கிய சார்ட்டை எடுத்தார். சுவரில் பன்னிரண்டு மணிக்குச் சுழி. சார்ட்டில் பன்னிரண்டு மணிக்கு என் கையெழுத்து. இரண்டையும் பார்த்தார். சார்ட்டை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மறுநாளிலிருந்து அவர் கண் முதலில் சுவருக்குத்தான் போனது.

அதைவிடப் பெரிய அறை என் கன்னத்தில் யாரும் கொடுத்திருக்க முடியாது. அன்றோடு நான் ஒரு வேளையும் தவறவிடவில்லை. இனி ஒரு சுழி போட அவளுக்கு வாய்ப்புக் கொடுக்கக் கூடாது. பெரிய முள் உச்சிக்கு வரும்முன்பே கட்டிலருகே போய் நிற்பேன். அவர்மேல் அக்கறை என்று யாராவது நினைத்திருந்தால் அது தப்பு.

ஒரு மனிதரைத் திருப்புவது பார்ப்பதற்குத்தான் சுலபம். இழுக்கக் கூடாது, இழுத்தால் தோல் உரியும். அடியில் போட்ட மடித்த துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. குதிகால் மெத்தையில் படாமல் கணுக்காலுக்கடியில் துணிச்சுருள். விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது, ஒரு சோற்றுப் பருக்கை கிடக்கக் கூடாது. ஈரம் ஆகவே ஆகாது. எல்லாம் நான் செய்து முடித்ததும் அவள் குனிந்து, நான் நீவிய விரிப்பையே மறுபடி நீவுவாள். அவள் வைத்த தலையணையை நான் எடுத்து, அரை அங்குலம் தள்ளி வைப்பேன். வாயைத் திறக்கமாட்டோம். "ம்" என்றால் தூக்கு. இன்னொரு "ம்" என்றால் இறக்கு.

ஒருநாள் அவர் வெடித்தார். அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்தான். பத்து மணி ஆயிற்று, நாங்கள் இரண்டு பேரும் துணியைப் பிடித்தோம். அவர் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"வுடுங்க. யாரும் என்ன தொடாதீங்க. நான் இன்னா, மல்லாட்ட மூட்டையா? இந்தப் பக்கம் ஒருத்தி இழுக்குறா, அந்தப் பக்கம் ஒருத்தி இழுக்குறா. உங்க ரெண்டு பேரு சண்டைக்கி என் ஒடம்புதான் கெடச்சிதா?"

"கைய எடு" என்றாள் அவள் அவரிடம்.

"எடுக்க மாட்டேன். அழுவிப் போறேன். அழுவிச் செத்தா உனக்கு இன்னா?"

கிணறு வெட்டிய கை. அந்தப் பிடியை விடுவிப்பது லேசில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பேசிவைத்த மாதிரி ஆளுக்கொரு கையைப் பிடித்து விரல் விரலாகப் பிரித்தோம். அவர் கத்தினார். கெட்ட வார்த்தையில் திட்டினார், இரண்டு பேரையும். திருப்பிப் படுக்க வைத்தோம். அவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். என் கை இன்னும் அவர் தோளில் இருந்தது.

"கைய எடு. அதான் திருப்பியாச்சி இல்ல" என்றாள் என்னிடம்.

எடுத்தேன்.

அடுத்த சண்டை ரப்பர் வளையத்தால் வந்தது. அப்போது எங்களுக்குக் கற்றுக்கொடுத்த வைத்தியம் இரண்டு. சிவந்த இடத்தில் ஸ்பிரிட் தொட்டு நன்றாகத் தேய்த்துப் பவுடர் போடுவது ஒன்று. காற்றடைத்த ரப்பர் வளையத்தைப் புண்ணுக்கடியில் வைத்து, புண் குழிக்குள் தொங்கும்படி விடுவது மற்றொன்று. நான் இரண்டையும் மிகக் கவனமாகச் செய்தேன். புண் ஆறவில்லை. ஓரம் வெளுத்து, அகலமாகிக்கொண்டே போனது.

ஒரு காலை வந்து பார்த்தால் வளையம் தரையில் கிடக்கிறது. அவர் இடுப்பைச் சுற்றி நான்கு சின்னத் துணிப்பைகள். உள்ளே கேழ்வரகு.

"இது யாரு வெச்சது?"

"நான்தான். அந்த வளையம் வட்டமா இறுக்குது. கைவெரல்ல நூலு சுத்துனா நுனி செத்துப் போவுதில்ல, அந்த மாதிரி. இது அவுரு ஒடம்புக்கு ஏத்தாப்பல நவுந்து குடுக்கும்."

"நீ நர்ஸா, நான் நர்ஸா?"

"நீதான் நர்சு. நீ பண்ண புண்ணுதான் இது."

ஒரு பையைத் தூக்கிப் பார்த்தேன். தையல் ஓரத்தில் வண்டு ஊர்ந்தது. ஒரு உடம்புக்கடியில் அத்தனை உயிர் நசுங்குவதை நினைத்ததும் எங்கிருந்தோ எனக்கு ஓர் உரிமை வந்துவிட்டது. நான்கு பைகளையும் வாரி வராந்தாவில் எறிந்தேன். ஒன்று பிரிந்து கேழ்வரகு தரையெல்லாம் ஓடியது. அவள் என் கையைப் பிடித்தாள். நான் உதறினேன். ஆயா நடுவில் வராவிட்டால் அடிதடிதான்.

"வண்டு மேல காட்டுற எரக்கத்த மனுசன் மேல காட்டு!" என்று வராந்தாவில் நின்று கத்தினாள். என் வீட்டுப் பழக்கத்தை ஆயா எப்போதோ அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவர் குனிந்து வளையத்தை எடுத்தார், புண்ணின் ஓரத்தைப் பார்த்தார், மறுபடி வளையத்தைப் பார்த்தார்.

"பதினஞ்சு நாளைக்கு வளையம் வேணாம் சிஸ்டர். அவ கேழ்வரகை நல்லா புடைச்சி, வெயில்ல காயவெச்சிப் பையில கொண்டாரட்டும். என்ன ஆகுதுன்னு பாப்போம்."

அவள் அங்கேயே உட்கார்ந்து கேழ்வரகை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினாள். நான் தாண்டிக்கொண்டு போனேன்.

பதினைந்து நாளில் ஓரத்தின் வெளுப்பு குறைந்தது. அதற்கடுத்த மாதம் ஒரு காலை கட்டுப் பிரித்தபோது, குழியின் அடியில் சிவப்பாகப் பொடிப் பொடியாகப் புதுச்சதை முளைத்திருந்தது. அதைப் பார்க்கும் நர்ஸுக்கு வேறு எதுவும் வேண்டாம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குனிந்து பார்த்தோம். அவள் புண்ணைப் பார்த்துச் சிரித்தாள். நிமிர்ந்தபோது நான் இருப்பது கண்ணில் பட்டது. சிரிப்பை எடுத்துவிட்டாள்.

இதற்குள் மற்ற கட்டில்களின் சுவர்களிலும் கரி ஏறியிருந்தது. தொடை எலும்பு உடைந்து கிடந்த ஒரு பெரியவரின் மகள் அவளிடம் கேட்டுக்கொண்டு கோடு போடத் தொடங்கினாள். பிறகு வேறொருவர் தம்பி. "பன்னண்டு ஆயிடிச்சி சிஸ்டர்" என்று மூலைக்கு மூலை குரல் வரும். என் வார்டை என் கையிலிருந்து அவள் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அந்த வருஷம் எங்கள் வார்டில் வேறு யாருக்கும் படுக்கைப் புண் வரவில்லை. அதற்காகவும் அவள்மேல் கோபம்தான் வந்தது.

ஏழாம் மாதம் புண் மூடியது. மெல்லிய, பளபளப்பான தோல். வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தை போட்டு, நான்கு ஆட்கள் அவரைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். தாழ்வாரத்தில் நான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொன்னாள்.

"போவறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இங்க யாரு காதுலயும் வுழாது. தீபத்தன்னிக்கி அவுர திருப்புனியா?"

அப்போதும் சொல்லியிருக்கலாம்.

"திருப்பினேன்" என்றேன்.

அவள் தரையில் காறித் துப்பிவிட்டு வண்டியில் ஏறினாள்.

எண்பதுகளின் நடுவில் அந்த ஆஸ்பத்திரியை மூடினார்கள். நான் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர்கள் என்னை வேலூருக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாடம் எடுத்த அம்மாள் படுக்கைப் புண்ணுக்கு வந்தபோது, கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு அதன்மேல் குறுக்காக அடித்தார். ரப்பர் வளையம் இனி வேண்டாம், அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை நெரிக்கிறது என்றார். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், தேய்த்தால் உள்ளே நைந்துபோன சதை இன்னும் நையும் என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். என் பேனா நகரவில்லை. தீபத்தன்று செய்யாமல் விட்டதால் புண் வந்தது. பிறகு மாதக் கணக்கில் ஒழுங்காகச் செய்ததால் அது பெரிதானது. எழுத்துத் தெரியாதவள் விரலில் சுற்றிய நூலை வைத்து அதைக் கண்டுபிடித்தாள். நான் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு சண்டை போட்டேன்.

ஊர் திரும்பிய மறுவாரம் அடி அண்ணாமலைக்குப் போனேன். விசாரித்ததில் மலை சுற்றும் பாதையிலேயே கடை காட்டினார்கள். சோடா, வாழைப்பழம், வெள்ளரிப்பிஞ்சு. அவள் நரைத்திருந்தாள். கடைக்குள்ளே ஒரு மரக்கட்டிலில் அவர் படுத்திருந்தார். உயிரோடு இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கூரை விட்டத்திலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்துத் தானே ஒரு பக்கமாகப் புரண்டுகொண்டிருந்தார்.

"இன்னா வேணும்?" என்றாள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"அன்னிக்கு நான் திருப்பல."

வெள்ளரிப்பிஞ்சைக் கீறிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் அன்னிக்கே தெரியும். தெரியாதவங்ககிட்ட போயிச் சொல்லு. ஊரு கேக்க என்ன பொய்க்காரி ஆக்கனாரே, அவருகிட்ட போயிச் சொல்லு. அத வுட்டுட்டு எங்கிட்ட வந்து மனசக் கழுவிகினு போலாம்னு பாக்குறியா?"

அதைத்தான் பார்த்தேன். அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

டாக்டர் ஓய்வு பெற்று, செங்கம் ரோட்டில் வீடு கட்டிக்கொண்டு குடியிருந்தார். மாடி அறைகளை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். போர்ட்டிகோவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தீபம், சார்ட், பொய்க் கையெழுத்து. அவர் பேப்பரை மடித்தார்.

"அதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தே? எனக்கு அப்பவே தெரியும்மா."

"அப்பவேன்னா?"

"சார்ட்டைப் பார்த்த அன்னிக்கே. பத்து மணிலேருந்து ஆறு மணி வரைக்கும் எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனாவுல, ஒரே இங்க்ல, ஒரே சாய்வுல இருந்துது. ஒரே மூச்சுல எழுதினதுன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு டாக்டர் அவளைத் திட்டினீங்க?"

அவர் யோசிக்கவில்லை. "உன்னைத் திட்டியிருந்தா நீ வேலைய வுட்டுட்டுப் போயிருப்பே. எனக்கு வேற நர்ஸ் கிடையாது. அவளைத் திட்டினா அவ எங்க போவா? அவளுக்கு வேற ஆஸ்பத்திரி கிடையாது." பிறகு உள்ளே பார்த்து, காபி கொண்டுவரச் சொன்னார்.

நான் காபி குடிக்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். நடந்து கொண்டிருக்கும்போதே, அவர் பொய் என் பொய்யின்மேல்தான் நின்றது என்பதும் தெரிந்தது. திட்டுவதற்கு எனக்குத்தான் தகுதி இல்லை.

மறுநாள் மறுபடி கடைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டதைச் செய்துவிட்டேன், என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டியது அவளுக்கு. டாக்டர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

இந்த முறை வெள்ளரிப்பிஞ்சைக் கீறிய கத்தி நின்றது.

"தெரிஞ்சிகினேவா?"

"ஆமா."

"தெரிஞ்சிகினேதான் என்ன அப்பிடிக் கேட்டாரா?"

"ஆமா."

 மலை சுற்றுகிறவர்கள் இரண்டு பேர் சோடா கேட்டு நின்றுவிட்டு, பதில் வராததால் அடுத்த கடைக்குப் போனார்கள்.

"இத்தினி வருசமா உன்ன ஒருத்தியத்தான் சபிச்சிகினு இருந்தேன்" என்றாள். அதில் மன்னிப்பு எதுவும் இல்லை. கணக்கு இன்னும் பெரிதாகிவிட்டது என்கிற சலிப்புதான் இருந்தது. பிறகு கத்தியைத் துணியில் துடைத்தாள். "சரி, போ. கடைக்கு முன்னால நிக்காத."

நான் திரும்பினேன். உள்ளே கட்டிலிலிருந்து அவர் குரல் கேட்டது.

"யாரு அது?"

"யாரோ. தண்ணி கேட்டாங்க."